ரைன்பெக் கம்பளித் திருவிழாவில் நூல் வாங்கும் முன்

நீங்கள் கேட்டது இதுதான்: நியூஜெர்சியில் வசிக்கிறீர்கள், பின்னக் கற்று ஒன்றரை ஆண்டு ஆகிறது, அக்டோபரில் முதன்முறையாக ரைன்பெக் திருவிழாவுக்குப் போகிறீர்கள், கையில் 250 டாலர் இருக்கிறது, உங்களுக்கு ஒரு ஸ்வெட்டரும், கோயம்புத்தூரில் இருக்கும் அம்மாவுக்கு ஒரு சால்வையும் பின்ன வேண்டும். எதை, எவ்வளவு, யாரிடம் வாங்குவது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆண்டு முழுவதும் வீட்டிலிருந்தே வாங்கக்கூடிய நூலுக்காக அங்கே பணத்தைச் செலவிடாதீர்கள். அந்த இடத்தில் மட்டுமே கையில் எடுத்துப் பார்த்து வாங்கக்கூடிய நூல் எதுவோ அதை வாங்குங்கள். இந்த இரண்டையும் பிரித்தறிவதுதான் அங்கே கடினம். ஏனென்றால் கண்ணைப் பறிப்பது பெரும்பாலும் முதல் வகை. ஓரத்தில் கிடக்கும் கொட்டகைகளில் சாம்பலும் பழுப்புமாக, அலங்காரமில்லாமல் தொங்குவது இரண்டாவது வகை.

இடத்தைப் பற்றிச் சிறிது. நியூயார்க் மாநிலச் செம்மறியாடு மற்றும் கம்பளித் திருவிழா என்பது அதன் முழுப்பெயர். அக்டோபர் மாதத்தின் மூன்றாம் வார இறுதியில், ரைன்பெக் ஊரிலுள்ள டச்சஸ் கவுண்டி (மாவட்டம்) கண்காட்சித் திடலில், அந்தக் கவுண்டியின் ஆடு வளர்ப்போர் சங்கம் நடத்துகிறது. இதைப் போன்ற இன்னொன்று மேரிலாந்து திருவிழா. 1974இல் தொடங்கிய அது, இப்போது மே மாதத்தின் முதல் வார இறுதியில் வெஸ்ட் ஃப்ரெண்ட்ஷிப் என்ற ஊரில் நடக்கிறது. இவற்றை நூல் சந்தைகள் என்று மட்டும் நினைத்துப் போகிறவர்கள் பாதியைத் தவறவிடுகிறார்கள். அடிப்படையில் இவை ஆடு வளர்ப்பவர்களின் கூடுகை. ஆடுகளுக்குப் போட்டி உண்டு, வெட்டிய உரோமத்துக்குப் போட்டி உண்டு, ஆடுகளை ஓட்டிக் கட்டும் நாய்களின் வித்தையும் உண்டு. நூல் விற்கும் அம்மாள் நேற்றுவரை அந்த ஆட்டுக்குத் தீவனம் போட்டவராக இருக்கலாம் என்பதே இந்த இடத்தின் தனிச்சிறப்பு.

இனி, கூட்டம் மொய்க்கும் கடைகளைப் பற்றி. கதவு திறந்த உடனே ஓட்டமும் நடையுமாகப் போய் வரிசையில் நிற்கிறார்களே, அவை பெரும்பாலும் கைச்சாயக்காரர்களின் கடைகள். வானவில்லைப் பிழிந்தது போன்ற நிறங்கள். நான் அவர்களைக் குறைசொல்லவில்லை. நல்ல சாயம் பெரிய கலை. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: சாயம் தோய்ப்பவர்களில் பெரும்பாலோர் நூலைத் தாமே நூற்பதில்லை. சாயமிடாத வெள்ளை நூலை மொத்த விற்பனையாளர்களிடம் வாங்கி, நிறத்தை மட்டும் ஏற்றுகிறார்கள். பத்துக் கடைகளில் பத்துப் பெயர்களில் நீங்கள் பார்க்கும் மெரினோ (மென்கம்பளி ஆட்டினம்) நூல், அடியில் ஒரே ஆலையின் ஒரே நூலாக இருக்க வாய்ப்பு அதிகம். அங்கே நீங்கள் விலை கொடுப்பது நிறத்துக்கு. அந்த நிறம் மனதை விட்டு அகலாது என்றால் வாங்குங்கள், "என்ன மென்மை!" என்ற காரணத்துக்காக வாங்காதீர்கள். அந்த மென்மை எல்லா இடத்திலும் கிடைக்கிறது.

மென்மையைப் பற்றி இங்கே கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான், அதுவும் விற்பவர் ஏமாற்றாமலேயே. கம்பளி இழையின் பருமனை மைக்ரானில் அளக்கிறார்கள். மெரினோ ஏறத்தாழ 17 முதல் 23 மைக்ரான். கோரிடேல் 25க்கு மேல். ராம்னி 30ஐ ஒட்டி. லிங்கன் போன்ற நீள்ரோம இனங்கள் 35ஐயும் தாண்டும். 30 மைக்ரானுக்கு மேற்பட்ட இழைகள் நூறில் ஐந்துக்கு மேல் இருந்தால் பலருக்குத் தோல் குத்தத் தொடங்கும். ஆகவே கழுத்தில் சுற்றும் துணிக்கு மெல்லிய இழை தேவை என்பது உண்மை. ஆனால் ஸ்வெட்டரை நாம் வெறும் மேனியிலா போடுகிறோம்? உள்ளே ஒரு சட்டை இருக்கிறது. மெல்லிய, குட்டையான இழைகளைத் தளர்வாக முறுக்கிய நூல் கையில் பஞ்சுபோல இருக்கும். நாலு முறை போட்டதும் அக்குளிலும் முழங்கையிலும் சிறுசிறு உருண்டைகளாகத் திரளும். கொஞ்சம் முரடாகத் தோன்றும் கோரிடேலோ ராம்னியோ பத்து ஆண்டு உழைக்கும். நம் காதில் கம்பளி என்ற சொல் விழுந்ததும் ரயில் பயணத்தில் குத்திய போர்வைதான் நினைவுக்கு வருகிறது. அதனால் மென்மையைக் கண்டதும் மயங்கிவிடுகிறோம். (தமிழ்நாட்டில் மேச்சேரி, வேம்பூர் ஆடுகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஆட்டிலிருந்து நூல் வருவதே சற்று வியப்புதான், அவை முடி ஆடுகள், கம்பளி தருபவை அல்ல. நம் மாநிலத்தில் மென்கம்பளிக்குப் பெயர்பெற்றது நீலகிரி ஆடு.)

எனவே கடையில் விரல் நுனியால் தடவிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விரல் நுனித் தோல் தடித்தது. அது உங்களிடம் பொய் சொல்லும். சிட்டத்தை மணிக்கட்டின் உட்புறத்திலும், கழுத்தின் பக்கவாட்டிலும் அரை நிமிடம் வைத்துப் பாருங்கள். (அங்கே நூலை உருண்டையாக விற்பது குறைவு, கைத்தறிக்காரர்கள் சிட்டம் என்று சொல்லும் வளைய வடிவில்தான் தொங்கும்.) பிறகு, கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு புரியை இரண்டு விரல்களுக்கிடையே இருபது தடவை உருட்டித் தேயுங்கள். இழை கிளம்பித் திரளத் தொடங்கினால் அது சால்வைக்கு ஆகும், ஸ்வெட்டருக்கு ஆகாது. அடுத்துப் புரியை எண்ணுங்கள். ஒற்றைப்புரி நூல் பார்க்க அழகு, உழைப்பில் பலவீனம். பின்னிய துணி ஒருபக்கமாகச் சாய்வதும் உண்டு. இரட்டைப்புரி, மேடுபள்ளமுள்ள வேலைப்பாட்டுக்கும் சால்வைக்கும் நல்லது. ஸ்வெட்டரில் கயிறு போன்ற முறுக்குக் கோலங்கள் எழும்பித் தெரிய வேண்டுமென்றால் முப்புரியோ அதற்கு மேலோ தேடுங்கள்.

பண்ணை நூல் விற்கும் கொட்டகைகளில் இன்னொரு சிக்கல் உண்டு. சிறிய ஆலைகளில் நூற்ற நூலில் நூற்பு எண்ணெய் ஒட்டியிருக்கும். தொட்டால் பிசுபிசுப்பாகவும் தட்டையாகவும், ஏன், சணல்போலவும்கூடத் தோன்றும். அதையே பின்னி, வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து அலசினால் எண்ணெய் நீங்கி, இழைகள் மலர்ந்து, கண்ணிகளுக்கிடையே உள்ள இடைவெளியை நிரப்பிக்கொள்ளும். அட்டையிட்டு, அதாவது கம்பிப் பற்களால் கோதி இழைகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்க நூற்ற நூலில் இந்த மலர்ச்சி மிகுதி. சீப்பால் வாரி ஒரே திசையில் அடுக்கி நூற்ற நூலில் குறைவு, அது தொடக்கத்திலேயே வழவழப்பாகவும் பளபளப்பாகவும் இருக்கும். ஆகவே பண்ணை நூலைச் சிட்டத்தில் பார்த்து மதிப்பிடாமல், "பின்னித் துவைத்த மாதிரித் துண்டு இருக்கிறதா?" என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர் மகிழ்ச்சியோடு எடுத்துக் காட்டுவார். மாதிரியே இல்லை என்றால் ஒரே ஒரு சிட்டம் வாங்கி வீட்டில் சோதித்துவிட்டு, மீதியைப் பண்ணைக்கு எழுதித் தருவித்துக்கொள்ளலாமா என்று விசாரியுங்கள், பலரும் அனுப்புகிறார்கள்.

அங்கே பேச்சுக் கொடுப்பதற்குக் கூச்சப்படாதீர்கள். எந்த இனம், எத்தனை ஆடுகள், இந்த ஆண்டு வெட்டிய உரோமமா, எங்கே நூற்றது, இதே நிறம் அடுத்த ஆண்டும் வருமா என்று கேட்டால், ஆடு வளர்ப்பவர் பேச்சை நிறுத்த மாட்டார். சாயமிடாத பழுப்பு, கருஞ்சாம்பல் நூல்கள் அந்தந்த ஆண்டின் மந்தையைப் பொறுத்தவை. குறிப்பிட்ட ஆடு போனால் அந்த நிறமும் போயிற்று. அரிய இனங்களின் மீது ஆர்வம் இருந்தால், அமெரிக்காவின் கால்நடை இனப் பாதுகாப்பு அமைப்பான லைவ்ஸ்டாக் கன்சர்வன்சி 2019இல் தொடங்கிய திட்டம் ஒன்று இருக்கிறது. நவாஹோ-சுரோ, லெஸ்டர் லாங்வுல் முதலிய அருகிவரும் இனங்களின் கம்பளியை வாங்கிப் பின்னுபவர்கள் ஒரு சிறு கையேட்டில் பதிவு செய்துகொண்டே போகலாம். உங்கள் முதல் ஸ்வெட்டருக்கு இது தேவையில்லை. ஒரு தொப்பிக்கு ஒரு சிட்டம் வாங்கிப் பார்ப்பது நல்ல தொடக்கம்.

இப்போது கணக்கு. வீட்டை விட்டுக் கிளம்பும் முன் என்ன பின்னப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்து, உங்கள் அளவுக்கு எத்தனை கெஜம் என்பதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கைபேசியில் மட்டும் வைத்திருக்காதீர்கள். திடலில் கூட்டம் சேர்ந்தால் இணையம் தள்ளாடும். எடையை நம்ப வேண்டாம், நீளத்தைப் பாருங்கள். நகரத்துக் கைச்சாய நூல் பெரும்பாலும் 100 கிராம் சிட்டம். பண்ணை நூல் பல வேளைகளில் 4 அவுன்ஸ், அதாவது 113 கிராம். அட்டையிட்டு நூற்ற நூல் காற்றை உள்ளடக்கியிருப்பதால் அதே எடைக்கு அதிக நீளம் தரும். நடுத்தர உடல்வாகு கொண்ட பெண்ணுக்கு முழுக்கை ஸ்வெட்டர் என்றால், வொர்ஸ்டட் என்னும் நடுத்தரப் பருமனில் ஏறத்தாழ 1,100 கெஜமும், அதைவிடச் சற்று மெல்லிய டி.கே. பருமனில் 1,300ஐ ஒட்டியும், இன்னும் மெல்லிய ஃபிங்கரிங் பருமனில் 1,600க்கு மேலும் ஆகும். அதற்கு மேல் அரைச் சிட்டமாவது கூடுதலாக இருக்கும்படி வாங்குங்கள். திருவிழா நூல் தீர்ந்தால் தீர்ந்ததுதான். அதே சாயத் தொகுதி மறுபடி கிடைக்காது.

என் கதையையே சொல்கிறேன். முதல் திருவிழாவில் ஆசைப்பட்டு ஆறு கடைகளில் ஆறு வெவ்வேறு சிட்டங்கள் வாங்கினேன். ஒவ்வொன்றும் அழகு, எதுவும் எதனோடும் சேராது, ஒன்றில் ஸ்வெட்டரின் ஒரு கைகூட முடியாது. ஏழு ஆண்டுகளாக அவை ஒரு பெட்டியில் இருக்கின்றன. அடுத்த ஆண்டு திருந்தி ஒரே நிறத்தில் ஐந்து சிட்டம் வாங்கினேன், ஆனால் கடையின் மங்கலான விளக்கில் ஒப்பிட்டேன். பின்னி முடித்தபோது மார்புக்குக் குறுக்கே ஒரு கோடு, மேலே ஒரு நீலம், கீழே வேறு நீலம். கைச்சாயத்தில் ஒரே பானையில் தோய்த்தவையே முழுதாக ஒத்திருக்காது. எனவே சிட்டங்களைக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பின்னும்போதும் இரண்டு சிட்டங்களை மாற்றி மாற்றி, இரண்டிரண்டு வரிசையாகப் பின்னினால் வேறுபாடு கரைந்துவிடும்.

சாயம் போகுமா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம். வெள்ளைக் கைக்குட்டையை நீரில் நனைத்து, நூலின் மேல் அழுத்தித் தேய்த்தால் தெரியும். கருஞ்சிவப்பு, மயில்நீலம், கறுப்பு ஆகிய மூன்றின்மீதும் எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு. சிறிது நிறம் ஒட்டுவதால் நூல் கெட்டது என்று பொருளல்ல. ஆனால் அதை வெள்ளையோடு சேர்த்துக் கோலம் பின்னத் திட்டமிட்டிருந்தால் திட்டத்தை மாற்றுங்கள்.

அம்மாவின் சால்வைக்கு வருகிறேன். இங்கே நான் மேலே சொன்னதற்கு நேர்மாறாகச் சொல்லப் போகிறேன்: அவருக்குக் கூட்டம் மொய்க்கும் கடையிலேயே, சூப்பர்வாஷ் மெரினோவில் வாங்குங்கள். கம்பளி இழையின் மேல் மீன்செதில் போல் அடுக்கடுக்கான செதில்கள் இருக்கின்றன. சூடும் ஈரமும் உரசலும் சேரும்போது அவை ஒன்றையொன்று கவ்விக்கொள்வதால்தான் கம்பளி சுருங்கிக் கெட்டித்துப் போகிறது. அந்தச் செதில்களைக் குளோரின் கொண்டு மழுக்கி, மேலே மெல்லிய பாலிமர் பூச்சுக் கொடுப்பதே சூப்பர்வாஷின் பரவலான முறை. ஊரில் அந்தச் சால்வை என்றைக்காவது ஒருநாள் மற்றத் துணிகளோடு சலவை இயந்திரத்துக்குள் போகத்தான் போகிறது. நீங்கள் தொலைபேசியில் எத்தனை முறை சொன்னாலும் போகும். சூப்பர்வாஷ் அதைத் தாங்கும். கோயம்புத்தூரின் மார்கழிக் காலைக்கு ஃபிங்கரிங் பருமனே போதும். 100 கிராமில் 400 கெஜம் சொச்சம் இருக்கும், இரண்டு சிட்டத்தில் தாராளமான சால்வை வரும். கழுத்தில் படும் துணி என்பதால் மென்மைக்கு இங்கே இடம் உண்டு. இதே நூலில் உங்கள் ஸ்வெட்டரைப் பின்னினால், நனைந்ததும் செதில் பிடிப்பு இல்லாமல் நீண்டு தொங்கக்கூடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பணத்தைப் பிரித்துப் பார்ப்போம். கொட்டகையில் கோரிடேல் அல்லது அதன் கலப்பினத்தில், வொர்ஸ்டட் பருமனில், 200 கெஜச் சிட்டம் ஆறு. ஒன்று 25 டாலர் என்று கொண்டால் 150. சால்வைக்கு 30 டாலர் வீதம் இரண்டு, 60. மொத்தம் 210. நுழைவுச் சீட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். மீதி 40 டாலர், மதியச் சாப்பாட்டுக்கும், மனம் கேட்காமல் வாங்கும் அந்த ஒரு சிட்டத்துக்கும். அதை வாங்காமல் யாரும் திரும்புவதில்லை, நீங்களும் திரும்ப மாட்டீர்கள். ரொக்கம் கொஞ்சம் கையில் இருக்கட்டும். அட்டைக் கருவி வேலை செய்யாத கொட்டகைகள் உண்டு.

வாங்க வேண்டாதவை சில. வெட்டிய உரோமம் கட்டுக்கட்டாக, எடைக்கு மிக மலிவாகக் கிடைக்கும். நூற்கத் தெரியாதவர் தொட வேண்டாம். உரோமத்தில் கொழுப்பும் அழுக்கும் இருப்பதால் மெல்லிய இழை தரும் இனங்களில் அலசியபின் பாதி எடைதான் மிஞ்சும். அல்பாகா நூல் தனியாக மிக மென்மை, மிகச் சூடு, ஆனால் கம்பளியின் நெகிழ்ந்து மீளும் குணம் அதற்கு இல்லை; முழு ஸ்வெட்டர் பின்னினால் நாளடைவில் முழங்காலை நோக்கி இறங்கும். கம்பளியோடு கலந்ததை வாங்கலாம். இருபது கிராம் சிறு சிட்டங்கள் ஐந்தை நாடாவில் கட்டி விற்பார்கள். நூறு கிராமுக்கு என்ன விலை ஆகிறது என்று மனக்கணக்குப் போட்ட பிறகு ஆசை பெரும்பாலும் அடங்கிவிடும். பின்னல் பெட்டி என்று விற்பவற்றில் செய்முறைத் தாள் உள்ளே இருக்கிறதா, தனியாக வாங்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விவரச்சீட்டு இல்லாத நூலை மலிவு என்பதற்காக எடுக்காதீர்கள். கம்பளிப் பொருளில் என்ன இழை எத்தனை சதவீதம் என்று எழுத வேண்டும் என்பது அமெரிக்காவில் 1939ஆம் ஆண்டுச் சட்டம்; காஷ்மீர் என்று எழுத வேண்டுமானால் இழையின் சராசரிப் பருமன் 19 மைக்ரானைத் தாண்டக் கூடாது. கேட்டால் சொல்லத் தெரியாத கடையில் நிற்க வேண்டியதில்லை.

எந்த நாள் போவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். சனிக்கிழமை காலை நிறங்கள் முழுதாக இருக்கும், பேச முடியாது. ஞாயிறு மதியம் நிறங்கள் குறைந்திருக்கும், கொட்டகைக்காரர் நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசுவார். உங்கள் பட்டியலில் பெரிய செலவு பண்ணை நூல் என்பதால் ஞாயிறு போதும். எந்த நாளானாலும் முதல் ஒரு மணி நேரம் எதையும் வாங்காமல் சுற்றுங்கள். அங்கே வருகிறவர்கள் அந்தத் திருவிழாவுக்கென்றே பின்னி முடித்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வருவது வழக்கம். அதற்கு ரைன்பெக் ஸ்வெட்டர் என்றே பெயர். அக்டோபர் வெயில் சுள்ளென்று அடித்தாலும் கழற்ற மாட்டார்கள், வியர்வையோடு நடப்பார்கள். உங்களுக்கு அது இலவசக் கண்காட்சி. பழைய ஸ்வெட்டர் போட்டிருப்பவரைப் பார்த்து, எந்த நூல், எத்தனை ஆண்டு என்று கேளுங்கள். முழங்கையைக் காட்டச் சொன்னால்கூடக் காட்டுவார்கள். எந்த நூல் எப்படி உழைக்கிறது என்பதற்கு அதைவிட நேரடியான சான்று கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் நூலைப் பழைய நூலோடு சேர்த்து வைத்துவிடாதீர்கள். பல பண்ணைகளின் சரக்கு ஓரிடத்தில் குவியும்போது அந்துப்பூச்சியின் முட்டை ஒட்டிக்கொண்டு வர வாய்ப்புண்டு. காற்றுப் புகாத பையில் கட்டி ஒரு வாரம் உறைபெட்டியில் வைத்து, எடுத்து, அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறங்கள். திறந்த கையோடு ஒவ்வொரு சிட்டத்தையும் விரித்து அறுந்த இடமும் முடிச்சும் இருக்கிறதா என்று பாருங்கள். பின்னத் தொடங்கும் நாள்வரை உருண்டையாகச் சுற்ற வேண்டாம். இறுக்கிச் சுற்றிய நூல் மாதக்கணக்கில் இழுபட்டே கிடக்கும். சுற்றிவிட்ட நூலை எந்தக் கடைக்காரரும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார். விவரச்சீட்டைக் கிழித்தெறியாமல், அதன் பின்புறத்தில் கொட்டகைக்காரரின் பண்ணைப் பெயரையும் வாங்கிய தேதியையும் எழுதி, பின்னித் துவைத்த மாதிரித் துண்டோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். ஆறாவது சிட்டம் போதாமல் போய், அவருக்கு எழுதிக் கேட்க வேண்டிவந்தால் அந்தச் சீட்டுதான் கைகொடுக்கும்.